அணைந்துகொண்டே இருந்த பைலட்

என் தங்கைக்குக் கார்த்திகை கடைசியில் திருப்பத்தூரில் குழந்தை பிறந்தது. சொன்ன தேதிக்கு ரொம்ப முன்னாலேயே பிறந்துவிட்டது. பெண் குழந்தை. எடை குறைவு. கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்துவிட்டு எங்களிடம் கொடுத்தார்கள். அனுப்பும்போது டாக்டரம்மா ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்: குழந்தையின் உடம்புச் சூடு இறங்கவே கூடாது.

எங்களுக்கு அம்மா இல்லை. வாணியம்பாடியில் தங்கையின் மாமியார் முட்டி வலியில் தானே படுக்கையில் இருந்தார். அதனால் அவளுக்குத் தாய்வீடு என்று இருந்தது என் வீடு மட்டும்தான். அது ஜவ்வாது மலைமேல், ஜமுனாமரத்தூரில். மார்கழியில் அங்கே விடிகாலைத் தண்ணீரில் கை வைத்தால் விரல் மடங்காது. அந்தக் குளிருக்குள் இப்படி ஒரு குழந்தையைக் கொண்டுபோகிறோமே என்று ஜீப் மலை ஏறும்போதெல்லாம் குழந்தையின் உள்ளங்காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஓட்டிக்கொண்டிருந்தது என் கணவர். அவர் ஷேர் ஜீப் ஓட்டுகிறவர். நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் எந்தப் பள்ளத்திலும் வேகத்தைக் குறைக்காதவர், அன்று ஒவ்வொரு வளைவிலும் வண்டியை நடக்க வைப்பதுபோல ஓட்டினார்.

எங்கள் வீட்டில் ஓட்டுப் பகுதிக்குப் பின்னால் புதிதாகக் கட்டிய தளம் போட்ட அறை ஒன்று உண்டு. ஒரு கதவு, ஒரு ஜன்னல், மேலே ஒரு வென்டிலேட்டர். அதில்தான் அவர்களைத் தங்கவைத்தேன். நான் தையல்காரி. கடையில் மிஞ்சிய துணிகளை நீளமாகச் சுருட்டி, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்து, ஜன்னல் இடுக்கில் அடைத்தேன். கதவின் அடியில் ஒன்று, பக்கங்களில் இரண்டு. வென்டிலேட்டருக்கு அளவெடுத்து ஒரு மெத்தையே தைத்துச் செருகினேன். வேலை முடிந்ததும் ஊதுவத்தி ஏற்றி ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தேன். புகை அசையாமல் நேராக மேலே போனது. எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கையின் வீட்டுக்காரர் ஒரு கேஸ் ஹீட்டரைக் கொண்டுவந்தார். அவர் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். முதலாளிக்கு ஏலகிரியில் ஒரு பங்களா உண்டு. அங்கே பல வருஷமாகத் தூசியேறிக் கிடந்ததைக் கேட்டு வாங்கி, லோடு ஆட்டோவில் ஏற்றி வந்திருந்தார். என் இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி. முன்பக்கம் வெள்ளைக் கல்தட்டுகள். பின்னால் சிலிண்டரை நிறுத்த இடம். மேலே ஒரு குமிழ். குமிழை அழுத்திப் பிடித்துத் திருப்பினால் அடியில் ஒரு சின்னச் சுடர் பற்ற வேண்டும், அதன் பெயர் பைலட், அது நிலையாக நின்றால்தான் அதிலிருந்து கல்தட்டுகள் பற்றிச் சிவக்கும் என்று விளக்கினார். விளக்கினாரே தவிர, பைலட் பற்றவில்லை. டிக் டிக் என்று பொறி மட்டும் வந்தது.

என் கணவரும் அவரும் அதைப் பின்வாசலுக்குத் தூக்கிவந்து பிரித்தார்கள். சிலிண்டர் முழுசாக இருந்தது. ரெகுலேட்டர் சரி. டியூபில் கேஸ் வந்தது. கடைசியில், பைலட்டுக்குப் போகும் மெல்லிய குழாயின் வாயில் சிலந்தி கூடு கட்டியிருப்பது தெரிந்தது. அந்த ஓட்டை ஊசிமுனையைவிடச் சிறியது. ஊசியை விட்டால் ஓட்டை பெரிதாகிச் சுடர் கெட்டுவிடும் என்று பயந்து, தையல் மெஷினின் பல் இடுக்குகளைத் துடைக்கிற சின்ன பிரஷ்ஷால் துடைத்துக் கொடுத்தேன். குழாயைக் கழற்றிக்கொண்டு பஞ்சர் கடைக்குப் போய்க் காற்றடித்து வந்தார் என் கணவர். மாட்டி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு இல்லை என்று பார்த்துக்கொண்டு, மறுபடி அழுத்தினோம். விரல் நகம் அளவுக்கு நீலச் சுடர் எழுந்து நின்றது. குமிழிலிருந்து கையை எடுத்தோம். அணைந்துவிட்டது.

அதற்கும் ஒரு வழி கிடைத்தது. சுடருக்கு எதிரே செம்புக் கம்பி மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதன் முனை சூடானால்தான் கேஸ் வால்வு திறந்தபடி நிற்கும். சூடு இல்லாவிட்டால் சுடர் அணைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு வால்வு மூடிவிடும். அந்த முனையில் கரி படிந்திருந்தது. மிருதுவான உப்புத்தாளால் தேய்த்து, பின்னால் தளர்ந்திருந்த நட்டை முறுக்கியதும் சுடர் நின்றது. கல்தட்டுகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. அறையைச் சாத்திய கொஞ்ச நேரத்தில் தங்கை போர்வையை விலக்கிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள். அவளுடைய வீட்டுக்காரர் நிம்மதியாகக் கிளம்பிப் போனார்.

மூன்றாவது தொல்லை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. பொழுது சாய்ந்ததும் ஹீட்டரை ஏற்றுவோம். ஒரு மணி நேரம்போல நன்றாக எரியும். பிறகு யாரும் தொடாமலே படக்கென்று ஒரு சத்தம், பைலட்டும் அணைந்து கல்தட்டுகளும் கறுத்துப்போகும். மறுபடி ஏற்றினால் முன்பைவிடச் சீக்கிரம் அணையும். சில சமயம் ஏற்றவே முடியாது. குளிர் ஏறுவதற்குள் குழந்தையைத் தங்கையின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி, மேலே இரண்டு கம்பளி போட்டுவிட்டு, நான் அந்தக் குமிழை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சிலிண்டரை மாற்றிப் பார்த்தோம். கம்பி முனையை மறுபடி தேய்த்தோம். ஒன்றும் மாறவில்லை.

இதற்கு நடுவே தங்கை சோர்ந்துகொண்டே போனாள். காலையில் எழுந்ததும் தலை இடிக்கிறது என்பாள். வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை, குமட்டுகிறது என்பாள். பேச்சே குறைந்துவிட்டது. பிள்ளை பெற்ற உடம்பு, தூக்கம் கெட்டது, அப்படித்தான் இருக்கும் என்று சுக்கைத் தட்டிப் பற்றுப் போட்டேன். குழந்தையும் பாலுக்கு எழுப்பினால்கூடச் சரியாக விழிக்காமல் தூங்கியது. குறைமாசக் குழந்தை அப்படித்தான் தூங்கும் என்று அதையும் நானே சொல்லிக்கொண்டேன்.

என் கணவர் போளூருக்குச் சவாரி போனபோது அங்கே ஒரு ஸ்டவ் மெக்கானிக்கிடம் சொல்லி, மறுநாள் தன் ஜீப்பிலேயே ஏற்றி வந்தார். நடுவயசுக்காரர், பொறுமையானவர். இந்த மாதிரி ஹீட்டரை அவர் அதிகம் பார்த்ததில்லை என்றாலும் பயப்படாமல் கை வைத்தார். மொத்தமும் பிரித்துத் துடைத்து மாட்டினார். பின்வாசலில் வைத்து ஏற்றியபோது அணையவே இல்லை. உள்ளே கொண்டுபோய் வைத்து ஏற்றி, கதவைச் சாத்திவிட்டு, டீ குடித்து, குழந்தையைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கும்போதே படக்கென்று அணைந்தது. அவர் டம்ளரை வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"சென்சாரு கம்பிதான் வீக்கா கீதும்மா," என்றார். "இதுக்கு ஸ்பேரு கிடைக்காது. உள்ள இருக்கிற வால்வ தொறந்தபடியே லாக் பண்ணிட்டா அணையற பேச்சே கிடையாது. பண்ணிட்டுமா?"

என் கணவர் சரி என்றே சொல்லிவிட்டார். ஒரு வாரமாக அவரும் தூங்கவில்லை. எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. காரணம் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. என் மெஷினில் ஒரு ஸ்குரு இருக்கிறது என்றால் அது எதற்கு என்று தெரியாமல் நான் கழற்ற மாட்டேன். அந்தப் பழக்கம்தான். போதாததற்குக் குழந்தை அப்போதுதான் கண் அசந்திருந்தது, தட்டுகிற சத்தம் வேண்டாம் என்றும் தோன்றியது.

"இன்னிக்கி இப்படியே இருக்கட்டுங்க. நாளைக்கி பாத்துக்கலாம்," என்றேன்.

மெக்கானிக் தப்பாக நினைக்கவில்லை. போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போளூர் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார்.

மறுநாள் பகல் முழுக்க வானம் மூடிக் கிடந்து, தூறலும் பனியுமாக இருந்ததால் மத்தியானமே ஹீட்டரை ஏற்றினோம். அன்று பார்த்து, குழந்தையைப் பார்க்க அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தபடி இருந்தார்கள். ஒருத்தி தேன் கொண்டுவந்தாள். குழந்தைக்கு நாக்கில் தடவக் கூடாது என்று சொல்லி வாங்கி வைத்தேன். ஒருத்தி சாமை அரிசி கொண்டுவந்தாள். ஆள் போக வர, கதவு திறந்தபடியே இருந்தது. குளிர் உள்ளே வருகிறதே என்று எனக்குப் பதைப்பு. ஆனால் எல்லோரும் போன பிறகுதான் கவனித்தேன்: பைலட் மத்தியானத்திலிருந்து அணையவே இல்லை.

மெக்கானிக் துடைத்தது வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டுக் கதவைச் சாத்தினேன், துணிச் சுருளை அடியில் தள்ளினேன், ஹீட்டருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து துவரை உரித்துக்கொண்டிருந்தேன். அப்போது என் கண் பைலட் மேலேயே இருந்தது. முதலில் அந்த நீலச் சுடர் கம்பி முனையை நன்றாகக் கவ்விக்கொண்டிருந்தது. நேரம் போகப் போக அது வெளுத்தது. பிறகு நீண்டது. பிறகு, யாரோ மெல்ல ஊதுவதுபோல, கம்பியை விட்டு விலகி ஆட ஆரம்பித்தது. இங்கே ஊதுவதற்குக் காற்றே இல்லையே என்று நினைத்தேன். அந்த நினைப்பு அப்படியே மனசில் நின்றுவிட்டது. காற்றே இல்லை.

முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்து கதவை அகலத் திறந்தேன். திரும்பி வந்து குனிந்து பார்த்தேன். சுடர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகி, மறுபடி நீலமாகி, கம்பி முனையைப் பிடித்துக்கொண்டது.

குளிருக்குப் பயந்து அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு சாத்திக்கொண்டு படுத்தவர்கள் எழுந்திருக்காமலே போன செய்தி, மலை ஊர்களில் இருக்கிற எல்லோரும் கேட்டிருக்கிறோம். கரியில் புகை உண்டு, கேஸில் புகை கிடையாதே என்று நாங்கள் இரண்டையும் சேர்த்து யோசித்ததே இல்லை. தங்கையின் தலைவலி, குமட்டல், குழந்தையின் தூக்கம் எல்லாம் ஒரே நேரத்தில் எனக்குப் புரிந்தது. குழந்தையைத் தூக்கி என் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, தங்கையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளி அறைக்கு வந்துவிட்டேன்.

"இன்னாக்கா, இன்னா ஆச்சி?" என்று அவள் பாதித் தூக்கத்தில் கேட்டாள்.

"ஒண்ணும் ஆவல," என்றேன். "ஒண்ணும் ஆவல. இங்க குந்து."

ஹீட்டரை அணைத்தேன். ஜன்னலில் இருந்த சுருள்களைப் பிடுங்கினேன். ஸ்டூல் மேல் ஏறி, நானே அளவெடுத்துத் தைத்த வென்டிலேட்டர் மெத்தையை இழுத்துக் கீழே போட்டேன். என் கணவர் சவாரி முடிந்து வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவர் உடனே ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போய், கிராம செவிலியரைக் கையோடு அழைத்து வந்தார். செவிலியர் குழந்தையின் உதட்டையும் நகத்தையும் வெளிச்சத்தில் பார்த்தார், மூச்சை எண்ணினார், உள்ளங்காலைச் சுண்டினார். குழந்தை முகம் சிவந்து, வீடே அதிரும்படி கத்தியது. எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அது அப்படிக் கத்தியதே இல்லை. செவிலியர் சிரித்துவிட்டார். இருந்தாலும் ஆஸ்பத்திரியில் காட்டிவிட வேண்டும் என்று உடனே கூட்டிப்போனார். அங்கேயும் தாய், பிள்ளை இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். காற்று வர வழி இல்லாமல் இனி ஹீட்டரை ஏற்றக் கூடாது, தூங்கப்போகும்போது அணைத்துவிட வேண்டும், சூட்டுக்குத் தாயின் நெஞ்சைவிட நல்ல இடம் கிடையாது என்று சொல்லி அனுப்பினார்கள். வரும் வழியில் என் கணவர் ஜீப்பை ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

மெக்கானிக் காத்திருப்பாரே என்று காலையில் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"நல்ல வேளம்மா," என்றார். "நீங்க வேணாம்னு சொன்னீங்க. அந்தக் கம்பி கெட்டுப்போவல, உங்கள காப்பாத்திக்கினு இருந்திருக்குது. நான் லாக் பண்ணிட்டுப் போயிருந்தா..." பிறகு குழந்தை எப்படி இருக்கிறது என்று இரண்டு தரம் கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்று இரண்டு தரமும் சொன்னேன். எனக்கும் அதைச் சொல்லச் சொல்ல நன்றாக இருந்தது.

அதன் பிறகு வென்டிலேட்டரைத் திறந்தே வைத்தோம். ஜன்னல் கதவில் ஒன்றை ஒரு கை அளவுக்குத் திறந்துவிட்டு, காற்று நேராகப் படாமல் கட்டிலை எதிர்ச் சுவருக்கு மாற்றினோம். சாயங்காலம் ஹீட்டரை ஏற்றினால் நாங்களாக அணைக்கும்வரை பைலட் அசையாமல் நின்றது. அறை முன்பு மாதிரி கதகதப்பாக இல்லைதான். அதனால் தங்கை குழந்தையை நெஞ்சிலிருந்து இறக்கவே இல்லை. நான் தைத்துக் கொடுத்த அகலத் துணியால் கட்டிக்கொண்டே உட்கார்ந்தாள், படுத்தாள், பால் கொடுத்தாள்.

இரண்டு மூன்று நாளில் அவளுக்குத் தலைவலி விட்டது. பசி வந்தது. பசியோடு வாயும் வந்தது. நான் ஆக்குகிற பத்தியச் சோறு மாட்டுக்குக் கூடப் போட லாயக்கில்லை என்றாள். பூண்டுக் குழம்பைப் பார்த்தாலே வெறுப்பாக இருக்கிறது, கருவாடு இல்லாத வூடு ஒரு வூடா என்றாள். பொரியலில் உப்பு இல்லை, ரசத்தில் புளி இல்லை, இந்த ஊர்க் கடைகளில் ஒரு நல்ல பிஸ்கட்கூட இல்லை என்று காலையில் ஆரம்பித்தால் மாலைவரை ஓயாது. பக்கத்து அறையில் மெஷினை மிதித்துக்கொண்டே நான் எல்லாவற்றுக்கும் உம் கொட்டிக்கொண்டிருந்தேன்.