கடற்கரைக்கு இரண்டாவது சுற்று

ஞாயிற்றுக்கிழமையில் நான் சீசன் டிக்கெட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தால் எங்கள் வீட்டில் சண்டை என்று அர்த்தம். எண்பதுகளின் கடைசியில் மேற்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனுக்குப் பத்து நிமிட நடையில், ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். கல்யாணமாகி இரண்டு வருடம். குரல் உயர்ந்தால் கீழே ஹவுஸ் ஓனர் அம்மா ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்பார். அதனால் பேச்சு முற்றும்போது நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் கடற்கரை ஸ்டேஷன். இறங்காமல் அதே ரயிலில் திரும்பத் தாம்பரம். ஏறக்குறைய இரண்டு மணி நேரம். குரோம்பேட்டை தாண்டும்போது அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்களெல்லாம் பிரமாதமாகத் தோன்றும். மாம்பலம் வருவதற்குள் அவற்றில் பாதி அசட்டுத்தனமாகத் தெரியும். திரும்பும் வழியில் மீனம்பாக்கம் பக்கம் பசி எடுத்துவிடும். பசியையும் கோபத்தையும் சேர்த்துச் சுமக்க என்னால் முடிந்ததில்லை.

என் மனைவி இருந்த இடத்திலேயே கோபத்தை ஆற்றிக்கொள்பவள். கீழே இறங்கிப் போய் அடிபம்பைப் பிடித்துக்கொள்வாள். குடம், அண்டா, சொம்பு என்று ஆரம்பித்து டம்ளர் வரைக்கும் நிரப்பிவிட்டுத்தான் ஓய்வாள். நான் படியேறி வரும்போது “காபி போடட்டுமா?” என்று கேட்டால் சமாதானம். யார்மேல் தப்பு என்ற விசாரணையெல்லாம் கிடையாது. அவள் அடித்து வைத்த தண்ணீரில்தான் மறுநாள் நான் குளித்துவிட்டு ஆபீஸ் போவேன். என் பயணத்தால் வீட்டுக்கு அப்படி ஒரு டம்ளர் பிரயோஜனம்கூட இருந்ததில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

ரயிலில் படிப்பதற்கு ஸ்டேஷன் கடையில் மாத நாவல் வாங்குவேன். ஒரு மனிதன் கண்ணாடி அறைக்குள் நின்று பொத்தானை அழுத்துவான். மறைந்து போய் வேறொரு ஊரில் முளைப்பான். இந்த மாதிரிக் கதை என்றால் எனக்கு உயிர். வழியில் எவனும் “எங்க சார் கிளம்பிட்டீங்க?” என்று கேட்க மாட்டான். பாதி வாக்கியத்தில் இருப்பவளைப் பார்த்துக்கொண்டே காணாமல் போய்விடலாம். “அந்த மெஷின் வந்துட்டா உங்களுக்குக் கோபமே ஆறாது. போய் இறங்குற ஊர்லயும் அதே மூஞ்சியோடதான் நிப்பீங்க” என்று அவள் கேலி செய்வாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. இன்னொன்றும் இருந்தது, அதை நான் தாமதமாகத்தான் கண்டுபிடித்தேன். மறைந்தவன் போய்ச் சேர்ந்த ஊரைத்தான் அந்தக் கதைகள் சொல்லும். அவன் விட்டுவிட்டு வந்த அறையில் என்ன நடந்தது என்று எந்தக் கதையும் திரும்பிப் பார்த்ததில்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, சண்டை ஒரு வாஷருக்காக. அடிபம்பின் வாஷர் தேய்ந்து, பத்து அடி அடித்தால் ஒரு சொம்பு தண்ணீர் வந்தது. “ஒரு வாஷர் வாங்கிப் போட மூணு வாரமா?” என்றாள். சாப்பிட்ட கையோடு கிளம்பிவிட்டேன். அன்று வாங்கிய நாவலில் கதாநாயகன் இங்கே மறைந்துவிட்டான், அங்கே இன்னும் வந்து சேரவில்லை. நாலு மணிக்கு ரயில் தாம்பரத்துக்குத் திரும்பியபோது இன்னும் இருபது பக்கம் பாக்கி இருந்தது. கோபம் எப்போதோ போய்விட்டிருந்தது. ஆனாலும் நான் இறங்கவில்லை. கொஞ்சம் தவிக்கட்டுமே என்ற அற்பப் புத்தியும் இருந்தது என்பதை மறைப்பானேன். அதே ரயில் மறுபடி கடற்கரைக்குக் கிளம்பியது.

ஆறு மணிக்குமேல் வீட்டுக்கு வந்தேன். அவள் வெளியூர் போகும்போது கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு, மடியில் பையோடு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். நான் அவசரப்பட்டேன்.

“பொறந்த வீட்டுக்கா? தாராளமா போ.”

“அப்பாவுக்கு நெஞ்சுவலியாம். செங்கல்பட்டு ஆஸ்பத்திரில சேர்த்திருக்காங்க. மூணு மணிக்கே கீழ போன் வந்தது. உங்களுக்காகத்தான் உட்கார்ந்திருக்கேன்.”

எங்களுடையது அவள் அப்பாவுக்குப் பிடிக்காத கல்யாணம். “வந்தா ரெண்டு பேரா வா, தனியா வந்து வாசல்ல நிக்காதே” என்று சொல்லி அனுப்பியவர். அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை இல்லை. நாலு மணிக்கு நான் இறங்கியிருந்தால் ஐந்து மணிக்கு அவர் எதிரில் இருவரும் நின்றிருப்போம். என் வாயில் வந்ததோ, “ரயிலை வழியில நிறுத்திட்டான்” என்ற பொய்.

செங்கல்பட்டு போய்ச் சேர்ந்தபோது ஏழேகால். மைத்துனர் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றிருந்தார். “ஆறு மணி வரைக்கும் நினைவோடதான் இருந்தாரு. ‘மாப்பிள்ளை வந்துட்டாரா’ன்னு ரெண்டு தடவை கேட்டாரு” என்றார். மாமனார் என்னை மாப்பிள்ளை என்று சொன்னது அன்று ஒரு நாள்தான். அதைக் கேட்க நான் அங்கே இல்லை. பத்தாம் நாள் காரியத்திலும், அதன் பிறகு கல்யாணம் காட்சிகளிலும், உறவுக்காரர்கள் ஜாடையாகக் குத்தும்போதெல்லாம் என் மனைவி முந்திக்கொள்வாள். “ரயில் நின்னுபோச்சு. அவர் என்ன பண்ணுவாரு?” நான் தலையைக் குனிந்துகொண்டு இலையில் இருப்பதைச் சாப்பிடுவேன். என் பொய்யை அவள் நம்பியது மட்டுமில்லாமல் அதற்காகச் சண்டையும் போடுகிறாளே என்று நினைத்துக்கொள்வேன்.

ரிடையர் ஆன பிறகு ஒரு மத்தியானம் அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். ரயில் நிற்கவில்லை, நான்தான் இறங்கவில்லை என்று. அவள் கை நிற்கவே இல்லை.

“தெரியும். நாலு மணி வண்டிக்கு நான் ஸ்டேஷனுக்கு ஓடி வந்தேன். பாலத்துல இருந்து இறங்கறேன், நீங்க ஜன்னலோரம் புஸ்தகத்துல தலையைக் கவுத்துட்டு இருக்கீங்க. கத்திக் கூப்பிட்டேன். வண்டி கிளம்பிடுச்சு.”

நான் கேட்டேன்: “அப்புறம் ஏன் இத்தனை வருஷமா எல்லார்கிட்டயும் ரயில் நின்னுபோச்சுன்னு சொன்னே?”

“தனியா போய் நின்னா அப்பா உங்களைத் தப்பா நினைச்சுடுவாரேன்னுதான் காத்திருந்தேன். அவரையே அதுக்காகப் பார்க்காம விட்டுட்டேன். மத்தவங்க கிட்டயா உங்களை விட்டுக்கொடுப்பேன்?”

இந்தத் தடவை நான் எழுந்து போகவில்லை. அவள் உரித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.