ஆறு வடக்கே ஓடுது என்றவளை அடித்தேன்

கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். கோபம் என் மேல்தான்.

நான் எட்டாவதோடு நின்றவன். கைக்குக் கிடைத்ததை எல்லாம் படித்து, எழுபதுகளில் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரானேன். அந்தத் திமிர் கொஞ்சமல்ல.

ஒருநாள் உலகப் படத்தைச் சுவரில் மாட்டி, "எல்லா ஆறும் வடக்கேயிருந்து தெற்கேதான் ஓடும்" என்றேன்.

"நம்ம ஆறு வடக்கே ஓடுதுங்க சேர்" என்றாள் செல்வி. பதின்மூன்று வயது.

படத்தில் வடக்கு மேலே இருந்தது. "தண்ணி மேல ஏறுமாடி?" என்று வகுப்பையே சிரிக்க வைத்தேன். அவள் மறுபடியும் அதையே சொன்னாள். பிரம்பை எடுத்து விளாசிவிட்டேன்.

மறுநாள் காலை அவள் அம்மா கொழுந்துக் கூடையோடு வந்து என்னை ஆற்றங்கரைக்கு இழுக்காத குறையாகக் கூட்டிப்போனார்.

"தண்ணி போற பக்கம் பாத்து நில்லுங்க. வெயில் எந்தக் கையில அடிக்குது?"

வலது கையில் அடித்தது. அப்படியானால் எதிரே இருப்பது வடக்கு.

"காயிதத்தப் பாத்து அடிச்சீங்களே, வாத்தியாரய்யா. கதவத் தொறந்து பாத்தீங்களா?"

"தப்புத்தாம்மா. நாளைக்கு அனுப்புங்க."

"தோட்ட வேலைக்குப் பெரட்டுல அவ பேரக் குடுத்தாச்சுங்க. கொழுந்தாவது அடி வாங்காம எடுக்கட்டும்."

நைல் நதி வடக்கே ஓடுகிறது என்று அப்புறம்தான் படித்தேன். அவளிடம் சொல்ல மலைக்கு ஓடினேன். "சரிங்க சேர்" என்றாள். கொழுந்து எடுக்கும் கை நிற்கவில்லை.

எனக்குத் தெரியாமல் போனதைப் பொறுத்துக்கொள்வேன். தெரியாமலே பிரம்பைத் தூக்கியதை இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.