சந்தனக் கன்றும் துவரஞ்செடியும்

1. ஆனேக்கல் பக்கம் மொட்டையாகிக் கிடந்த ஒரு குன்றுச் சரிவை மறுபடி காடாக்க, எங்கள் கன்டோன்மென்ட் சர்ச் மாதர் சங்கம் முன்வந்தது.
2. சங்கத் தலைவியான என் அத்தை, ஊர்த் தலைவரான பட்டேலிடம் அதைக் கேட்டு வாங்கினார். அடுத்த மழைக்குள் கன்றுகள் பிடிக்காவிட்டால் சரிவு ஆடுகளுக்கே திரும்பும் என்பது பேச்சு.
3. காட்டிலாகா சந்தனக் கன்றுகளைக் கொடுத்தது. சங்கத்தார் நட்டார்கள்.
4. களை பிடுங்கினார்கள்.
5. கன்றுகள் வாடின.

லால்பாக் மலர்க் காட்சியில் பரிசு வாங்கும் பெண்மணிகள் அவர்கள். ரோஜாப் பாத்தியில் ஒரு புல்லைக்கூட விட்டுவைக்கமாட்டார்கள். பாட்டனிப் பரீட்சை முடிந்ததும் பெட்ரோலுக்குப் பதில் கரி எரித்து ஓடும் கரிவாயு பஸ்ஸில் நானும் போய்ப் பார்த்தேன். சரிவு பெருக்கிய கூடம்போல இருந்தது.

"கன்னுகூட ஒரு துவரஞ்செடி வந்திருக்குமே, அத்தை?"

"அதையும் பிடுங்கியாச்சு. சந்தனத்துக்குப் பக்கத்துல பருப்புச் செடிக்கு என்ன வேலை?"

சந்தனம் பக்கத்துச் செடியின் வேரைப் பற்றித்தான் பாதி உணவைக் குடிக்கும் என்றேன். அத்தை கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"ஆயாவை வெரட்டிட்டு, புள்ள ஏன் அழுவுதுன்னு பாத்துட்டிருந்தோமா? பட்டேல் முகத்துல எப்படிடி முழிப்பேன்?"

அடுத்த சனிக்கிழமை சங்கத்தின் பொருளாளர் ஒரு டப்பா நிறைய விதை கொண்டுவந்தார். திறந்தால், உடைத்த துவரம்பருப்பு. வேடிக்கை பார்க்க வந்த பட்டேல் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பருப்பை நட்டா எங்க சாரு, உங்க ரசந்தாம்மா மொளைக்கும்!"

"சாரு மொளைச்சா உங்களுக்குத்தான் முதல் கிண்ணம்," என்றார் அத்தை, சளைக்காமல்.

பட்டேல் தன் வீட்டிலிருந்து முழுத் துவரை வரவழைத்தார். "மழை வரைக்கும்னு சொன்னது மட்டும் மாறாது," என்று சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார்.

ஒவ்வொரு கன்றின் அருகிலும் விதைத்தோம். களைக்கொத்துகளை அத்தை பறிமுதல் செய்தார். ஆனாலும் அவர் கையே பழக்கத்தில் புல்லை நோக்கிப் போகும். நான் இருமினால் கையை இழுத்துக்கொள்வார்.

மழை வந்தது. பட்டேல் சரிவு முழுக்க நடந்து, குனிந்து குனிந்து இலைகளைத் தொட்டுப் பார்த்தார். "ஆடு அந்தப் பக்கமே இருக்கட்டும்," என்றார். அத்தை அன்று பஸ்ஸில் வழி முழுக்கப் பாடிக்கொண்டே வந்தார்.

கீழ்ப்பாதிக் கன்றுகள் பிழைத்திருக்கின்றன. மேட்டில் இருந்தவை போய்விட்டன. அங்கே புதிதாக நட வேண்டும். சரிவு எங்களிடம் இருக்கிறது.