ராணியின் ஒன்பது முத்து

நஸ்ரின் அனுப்பிய கல்யாணப் படத்தில், அவளுடைய மாமி மகளின் கழுத்தில் பெரிய வெள்ளிக்காசு ஒன்று கிடந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு தலைக் கழுகு. படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்திரியப் பேரரசின் சின்னம் அல்லவா அது!

தஞ்சாவூரில் நஸ்ரினும் நானும் உட்பட ஆறு பேர் ஆஸ்திரிய வரலாற்று ஆய்வு வட்டம் நடத்துகிறோம். அறை தந்த கல்லூரி நூலகர் கெடு வைத்திருந்தார்: "அந்த நாட்டுக்கும் நம்ம பக்கத்துக்கும் என்ன சம்பந்தம்னு மாசக் கடைசிக்குள்ள ஒரு கட்டுரை கொடுங்க. நெட்ல எடுத்தது வேணாம். இல்லன்னா ரூம் செஸ் கிளப்புக்கு." மிச்சம் ஐந்தே நாள்.

ஞாயிறு காலை 7.10. நானும் நஸ்ரினும் பட்டுக்கோட்டை பஸ் ஏறினோம். ஒரத்தநாடு தாண்டியதும் இருபுறமும் புதுநடவு. எங்கள் பேச்சைக் கேட்ட கண்டக்டர், "ஆஸ்திரேலியாவுலதாங்க என் மச்சான் இருக்கான்" என்றார்.

"இது ஆஸ்திரியாங்க."

"ரெண்டும் வேறயா?" டிக்கெட்டைக் கிழித்தபடி யோசித்துக்கொண்டே நகர்ந்தார்.

பட்டுக்கோட்டையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் டவுன் பஸ்; பெண்களுக்குக் கட்டணமில்லை. பத்து மணிக்கு அதிராம்பட்டினம்.

மணப்பெண்ணின் அம்மா ஜமீலா மாமி, அபாயா அங்கி தைத்து ஆன்லைனில் விற்பவர். கழுத்தில் டேப் தொங்கியபடியே மகளின் நகைப்பெட்டியிலிருந்து காசை எடுத்து வந்தார்; கழுகுக்கு மறுபக்கம் ஒரு ராணியின் உருவம். "லண்டன் ராணி காசு. பாட்டன் அரபு நாட்டுல, ஏடன் துறைமுகத்துல கடை வச்சிருந்தப்ப கொண்டாந்தது."

"மாமி, இது லண்டன் இல்ல. ஆஸ்திரியா ராணி."

மாமி காசை உள்ளங்கையில் மூடிக்கொண்டார். "அடப் போ புள்ள. சம்பந்தி வீட்ல லண்டன்னு சொல்லித்தானே மகளுக்குப் போட்டோம்? ஆஸ்திரியான்னா எவளுக்குத் தெரியும்? ஆஸ்திரேலியாவா இருந்தாலாவது கௌரவம். போட்டோல்லாம் வேணாம்."

அறை போயிற்று என்றே நினைத்தேன். நஸ்ரின்தான் விடவில்லை. "ஏடன்ல நல்ல காசுன்னு எப்படி மாமி கண்டுபிடிப்பாங்க?"

"ராணி தோள்ல குத்தியிருக்குற பதக்கத்துல முத்து எண்ணுவாங்களாம். ஒன்பது இல்லன்னா அரபி தொட மாட்டானாம்." கையைத் திறந்து, ஊசி முனையால் எண்ணிக் காட்டினார். ஒன்பது.

ஆறு பேர் ஒரு வருஷமாகப் படித்ததில் இது இல்லை. "லண்டன் ராணிய யாரும் இப்படி எண்ணிப் பாத்து வாங்கல மாமி."

மாமி காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப எழுது. ஏடன முதல்ல போடு, ஆஸ்திரியாவ அப்புறம் போடு."

படம் எடுத்தோம், மாமி சொன்னதைப் பதிவு செய்தோம். சாப்பாடு ஆவதற்குள் மாமி தெருப் பெண்களின் வாட்ஸப் குழுவில் குரல் செய்தி போட்டுவிட்டார்: "ராணி காசு இருக்குறவங்க முத்த எண்ணி அனுப்புங்க."

மாலை 4.15. பஸ் வருவதற்குள் மூன்று படங்கள் வந்துவிட்டன. இரண்டில் ஒன்பது. மூன்றாவதை நஸ்ரின் மூன்று தடவை எண்ணினாள்.

"எட்டுதாண்டி வருது."

கட்டுரை தேறிவிட்டது, அறையும் எங்களுக்குத்தான். அடுத்த ஞாயிறு அந்த மூன்றாவது வீட்டுக்குப் போகிறோம். ஏடனில் ஏமாந்தது உங்கள் வீட்டில் யார் என்று எப்படிக் கேட்பது, அதுதான் இன்னும் பிடிபடவில்லை.