தானா முளைத்த தென்னைகள்

எங்கள் வீட்டுக் கொல்லையை நான் ஒருநாளும் நிம்மதியாக விட்டதில்லை. செம்பருத்தியைக் கிழக்கே வைத்தேன். இரண்டு வருஷத்தில் வெயில் போதவில்லை என்று மேற்கே மாற்றினேன். அடுத்த மழைக்கு அங்கே தண்ணீர் கட்டுகிறது என்று மறுபடி கிழக்குக்கே கொண்டுவந்தேன். "அது செடியா, இல்ல ஒங்க வீட்டு நாற்காலியா?" என்று பக்கத்து வீட்டு அண்ணி கேட்பாள். மொத்தம் எட்டு செண்டு மனை. வீடு போக மிச்சம் கிடந்த மண்ணை நாற்பது வருஷமாகக் கிளறிக்கொண்டே இருந்திருக்கிறேன். கை சும்மா இருக்காது என்பது ஒரு பக்கம். கொல்லையில் வெறும் தரை கண்ணில் பட்டாலே எனக்குப் பதறும். யாரோ வந்து "இது யார் இடம்?" என்று கேட்டுவிடுவார்களோ என்று இருக்கும்.

அப்படிக் கேட்கவும் செய்தார்கள். பட்டுக்கோட்டைக்குக் கிழக்கே நெல் விளைகிற ஊர் எங்களுடையது. அப்பா ஒரு மிராசுதாரிடம் பண்ணையாள். நாங்கள் குடியிருந்த குடிசையின் மனையும் மிராசுதாருடையதுதான். அதில் பூசணி போடலாம், அவரையைக் கூரையில் ஏற்றலாம், கீரை விதைக்கலாம். மரம் மட்டும் வைக்கக் கூடாது. மரம் நாலு வருஷம் நின்றுவிட்டால் மனைக்கே உரிமை கேட்பார்கள் என்று அவருக்குப் பயம். மிராசுதாரின் நிலபுலன்களைக் கவனித்த காரியக்காரர் மாசம் ஒருதரம் சைக்கிளில் வந்து, குடிசைக்குக் குடிசை பின்பக்கம் எட்டிப் பார்ப்பார். வேம்போ முருங்கையோ தலைகாட்டினால், "யாருடா வச்சது?" என்பார். தெரு முழுக்க ஒரே பதில்தான்: "தானா மொளச்சதுங்க." சொல்லிவிட்டுப் பிடுங்கிப் போட்டால் அதோடு சரி. வச்சேன் என்று வாய்தவறிச் சொன்னால்தான் வம்பு.

எனக்கு ஏழெட்டு வயசிருக்கும்போது அப்பா எங்கிருந்தோ ஒரு தென்னங்கன்றைக் கொண்டுவந்து வீட்டுக்குப் பின்னால் நட்டார். கூலி நெல்லுக்காகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. தெருமுனையில் சங்கத்துக் கொடி ஏறியிருந்தது. வெளியூர் ஆட்களை இறக்கி, போலீஸ் காவலோடு அறுப்பு நடந்தது. கொடி ஏறிய தைரியத்தில் வைத்தாரோ என்னவோ. காரியக்காரர் வந்தார், பார்த்தார், கேட்டார். "தானா மொளச்சதுங்க" என்றார் அப்பா. சுற்றுவட்டத்தில் ஒரு தென்னை கிடையாது. காரியக்காரர் அண்ணாந்து பார்த்து, "மேலேருந்து விழுந்துச்சாடா?" என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "புடுங்கு" என்றார்.

அப்பா தன் கையாலேயே பிடுங்கினார். கன்று தேங்காயோடு வந்தது. சைக்கிள் மறைந்ததும் அந்தத் தேங்காயைப் பிளந்து உள்ளே இருந்த பூவை எடுத்து என்னிடம் கொடுத்தார். என்ன இனிப்பு! முழுசையும் தின்றுவிட்டு, இன்னும் வேணும் என்று கேட்டேன். அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். எதற்கு அடித்தாள் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

அதற்கப்புறம் அப்பா இரண்டு போகம்தான் இருந்தார். மஞ்சள் காமாலை. அவர் போன பிறகு சட்டம் வந்தது, குடியிருக்கிறவர்களுக்கே மனை சொந்தம் என்று. அம்மா கைநாட்டு வைத்துப் பட்டா வாங்கினாள். மஞ்சள் பையில் சுற்றித் தகரப்பெட்டிக்கு அடியில் வைத்தாள். அந்த வாரமே தெருவில் எல்லாரும் மாவும் தென்னையுமாக நட்டுத் தள்ளினார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அதே பூசணிக்கொடி.

நான் படித்தேன். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலை கிடைத்தது. கல்யாணம் ஒன்று நடந்து, ஒரே வருஷத்தில் அம்மாவிடமே திரும்பி வந்தேன். அந்தக் கதை இங்கே வேண்டாம். வந்த கையோடு ஓர் ஒட்டுமாங்கன்று வாங்கி நட்டேன். இடுப்பு உயரம் வந்தது. ஒருநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் கன்றைக் காணோம்.

"ஆடு தின்னுடுச்சு" என்றாள் அம்மா, முறத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

"ஆடு வேரையுமா தின்னுச்சு? குழி தோண்டித் தின்னுச்சா?"

அன்றைக்கு நாங்கள் போட்ட சண்டை தெருக்கோடி வரைக்கும் கேட்டது. கடைசியில் உண்மையைச் சொன்னாள். "ஆட்சி மாறிடுச்சாமேடி. அவங்க குடுத்தத இவங்க புடுங்க மாட்டாங்களா?" எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஒவ்வொரு தேர்தல் முடிவன்றைக்கும் இதே கூத்துதான். ரேடியோவில் எண்ணிக்கை சொல்லச் சொல்ல இவள் தகரப்பெட்டியைத் திறந்து பார்ப்பாள். தெருவில் முன்பின் தெரியாத வெள்ளை வேட்டி ஒன்று நடந்துபோனால் போதும், கொல்லைக்குப் போய் உயரமாக நிற்கிற எதையாவது ஒடித்துவிட்டு வருவாள்.

அதற்காக நான் விட்டேனா? கோடையில் களிமண் பாளம் பாளமாக வெடிக்கும். குளம் தூர் வாரும்போது வண்டல் அடித்து நிரப்பினேன். குளிக்கிற தண்ணீரை வாய்க்கால் வெட்டி வாழைக்குத் திருப்பினேன். முள்வேலியை எடுத்துக் கிளுவை நட்டு, கிளுவையை எடுத்துக் கம்பி போட்டேன். ஒன்று முடிந்தால் அடுத்தது. நட்டது வேர்பிடிப்பதற்குள் அவள் ஒடிப்பாள், இல்லாவிட்டால் நானே இடம் மாற்றுவேன். பின்கதவுக்கு நேரே ஒரு பாய் அகலத்துக்கு இடம் இருந்தது. அங்கே மட்டும் ஒரு மல்லிகைக் குச்சியைக்கூட ஊன்ற விடமாட்டாள். அரிசி களைந்த தண்ணீரைக் கொண்டுபோய்த் தினமும் அங்கேதான் ஊற்றுவாள். வெறுந்தரைக்கு எதற்குத் தண்ணி என்று கேட்டால், "ஒனக்கு என்னடி வந்துச்சு?" என்பாள். வீம்பு என்றுதான் நினைத்தேன்.

தென்னை வைத்தது ஓர் ஒப்பந்தத்தின் பேரில். மூன்று நாள் நான் சாப்பிடாமல் கிடந்த பிறகு அம்மா இறங்கி வந்தாள். வைக்கலாம், ஆனால் யார் கேட்டாலும் வைத்ததாகச் சொல்லக் கூடாது. சரி என்று பேராவூரணியிலிருந்து ஐந்து நெட்டைக் கன்றுகள் கொண்டுவந்து, தெற்கு வேலியோரமாகக் கயிறு பிடித்து, இருபது அடிக்கு ஒன்றாக நட்டேன். காய்க்க ஆரம்பித்ததும் பார்க்கிறவர்கள் எல்லாம், "அடேயப்பா, யாரு வச்சது?" என்று கேட்டார்கள். அம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "தானா மொளச்சதுங்க" என்பாள். ஐந்து மரம், ஒரே நேர்கோட்டில், தானாகவே! கேட்டவர்கள் சிரிப்பார்கள். எனக்கு வயிறு எரியும். குடம் குடமாகச் சுமந்தவள் நான். என் கையில் காய்த்துப்போன இடம் இன்னும் இருக்கிறது. பட்டா வந்து, காரியக்காரர் செத்து, மிராசுதார் வீட்டுப் பிள்ளைகள் நிலத்தை விற்றுவிட்டு வெளியூர் போயே எத்தனையோ காலமாகிவிட்டது. ஒரே ஒருதரம், "ஆமா, நாங்க வச்சது" என்று இவள் வாயால் சொல்லிக் கேட்டுவிட வேண்டும் என்பது எனக்குப் பெரிய ஆசையாகவே ஆகிவிட்டது. சொல்லவே மாட்டாள், கிராதகி.

அப்புறம் அந்தப் புயல் வந்தது. விடிந்து கதவைத் திறந்தால் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. கொல்லையில் நிழலே இல்லை. ஐந்தும் வேரோடு சாய்ந்து, ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. எங்கள் பக்கம் முழுக்க அப்படித்தான், தோப்புத் தோப்பாகப் போயிருந்தது. நான் கதறி அழுதேன். அம்மா அழவில்லை. எண்பதை எட்டிய உடம்பை இழுத்துக்கொண்டு பின்கதவு வரைக்கும் வந்து, பார்த்துவிட்டு, உள்ளே போய்ப் படுத்துவிட்டாள்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, நிவாரணத்துக்காக விழுந்த மரங்களைக் கணக்கெடுக்க வி.ஏ.ஓ. வந்தார். வைத்து வளர்த்த மரத்தைத்தான் எழுதுவார்களாம், தானாக முளைத்ததை எழுத மாட்டார்களாம் என்று தெருவில் ஒரு பேச்சு. நிஜமோ பொய்யோ, எனக்குக் கை கால் ஓடவில்லை. அம்மா வாயைத் திறந்தால் என்ன சொல்வாள் என்று தெரியாதா? "நீ உள்ளயே இரு, வெளிய வந்த, எனக்குக் கெட்ட கோவம் வரும்" என்று மிரட்டி உட்கார வைத்துவிட்டுத்தான் அவரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். கேட்டாளா? தடியை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே வந்து நின்றாள்.

"அஞ்சு மரம்" என்று எழுதிக்கொண்டே, "யாரு வச்சது?" என்று கேட்டார் வி.ஏ.ஓ.

நான் வாயைத் திறந்தேன். அம்மா முந்திக்கொண்டாள்.

"எம் பொண்ணு வச்சதுங்க. கயிறு புடிச்சு வச்சா. கொடத்துல சொமந்து ஊத்துனா. தானா ஒண்ணும் மொளைக்கலிங்க."

இத்தனை வருஷமாகக் கேட்க ஆசைப்பட்டது. கேட்டதும் எனக்கு வந்தது அழுகைதான். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அவள் நிறுத்தவில்லை.

"ஆனா அஞ்சு இல்லிங்க. ஆறு."

அவர் நிமிர்ந்து மறுபடி எண்ணினார். "அஞ்சுதானே பாட்டிம்மா இருக்கு?"

அம்மா தடியைத் தூக்கிப் பின்கதவுக்கு நேரே காட்டினாள். அந்தப் பாய் அகல வெறுந்தரை. "அந்தா, அங்க ஒண்ணு. எங்க வூட்டுக்காரரு வச்சது. அதையும் எழுதிக்கங்க."

"அங்க ஒண்ணும் இல்லையே. மரம் எங்க?"

"இந்தா நிக்கிறாளே, இவதான் தின்னுட்டா."

வி.ஏ.ஓ. சிரித்துவிட்டார். வயசாகிப்போச்சு என்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். என் நாக்கில் அந்த இனிப்பு வந்து நின்றது. அது எந்த இடம் என்று நான் மறந்தே போயிருந்தேன். அவள் அம்பது வருஷமாக அங்கே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். அவர் ஐந்து என்றே எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலையில் அம்மா என்னை எழுப்பினாள். சர்க்கார் ஆள் வந்துபோயும் தகரப்பெட்டிப் பக்கமே அவள் போகவில்லை.

"பேராவூரணிக்குப் போயி கன்னு வாங்கிட்டு வா."

"எத்தனைம்மா?" என்றேன்.

முறைத்தாள். "நேத்து என்ன சொன்னேன்? ஆறு."