கடப்படியில் வைத்த பெட்டி

நான் வேலை செய்யும் மீன் ஆலையின் சாப்பாட்டு அறையில் ஒரு பலகை இருக்கிறது. பலகை முழுக்க ஆணி. ஒவ்வோர் ஆணியிலும் ஒரு கோப்பை, ஒவ்வொரு கோப்பையிலும் நீலப் பெயின்டால் எழுதிய ஒரு பெயர். வேலையில் சேர்ந்தால் உங்கள் கோப்பை பலகையில் ஏறும். வேலையை விட்டால் அதைக் கழற்றிக் கொண்டு போய்விட வேண்டும். வெறும் ஆணியில் வேறொருவர் கோப்பையைக் கொஞ்ச நாளைக்கு மாட்டவும் மாட்டார்கள். கல்முனைச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் ஊரே வாய் வைத்த கிளாஸில் குடித்து வளர்ந்தவனுக்கு இது சரியான கூத்தாகப் பட்டது. “இஞ்ச கப்புக்கும் பிறப்புச் சாட்சிப் பத்திரம் இரிக்கி” என்று கூட்டாளிமாருக்குக் கடிதம் எழுதினேன். எதையும் பகிடியாக எழுதுவதுதான் அப்போது என் வழக்கம். இந்தக் கட்டுரையில் பகிடி குறைவு. அதற்குக் காரணமும் ஒரு பகிடிதான்.

டென்மார்க்கின் மேற்குக் கரையில் ஒரு துறைமுகப் பட்டினம் இது. ஒரு வருடப் படிப்புக்கு வந்தவன் மீன் வெட்டும் மேசையில் ஒட்டிக்கொண்டேன். கம்பஸில் பொருளியல் படித்தவன் நான். யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன். மேசைக்கு மேலே ஒரு ரேடியோ. பாட்டு போகும்போது கத்திகள் ஓடும். செய்தி வந்தால் நிற்கும். எண்பத்தைந்து பிறந்த அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரே செய்தி. கிரீன்லாந்து ஐரோப்பியப் பொதுச் சந்தையை விட்டுப் போகப்போகிறது.

கிரீன்லாந்து என்பது உலகப் படத்தின் உச்சியில் வெள்ளையாகத் தெரியும் பெரிய தீவு. டென்மார்க்கின் கைக்குள் இருக்கிறது. டென்மார்க் பொதுச் சந்தையில் சேர்ந்தபோது அதுவும் சேர்க்கப்பட்டது. பிறகு அங்குள்ள சனங்கள் வாக்குப் போட்டு, வெளியே போகிறோம் என்று முடிவெடுத்துவிட்டார்கள். அந்த வாக்கு நடந்தபோது இங்கே பெரிதாக யாரும் அலட்டிக்கொள்ளவில்லையாம். போகும் நாள் கிட்ட வந்த பிறகுதான் பயம் பிடித்தது. அந்தக் கடல் மீன் இனி வருமா, ஜெர்மன்காரன் அள்ளிப்போவானா, நம்முடைய ஆலை நிற்குமா? இன்றைக்கு இவர்கள் போனால் நாளைக்கு டென்மார்க்கும் போய்விடுமா, போனால் வெண்ணெயையும் பன்றி இறைச்சியையும் யார் வாங்குவான்? ரொட்டிக் கடையில் கதை, பஸ்ஸில் கதை, பத்திரிகையில் வாசகர் கடிதம். எங்களுடைய நாடு அப்போது எல்லாக் கதவையும் உலகத்துக்குத் திறந்துவிட்டு, கல்முனை பஸாரில் ஜப்பான் டேப் ரெக்கோடர் குவித்துக்கொண்டிருந்தது. திறந்ததைப் பூட்டப்போகிறவர்களைப் பார்த்து எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

எங்கள் மேசையில் ஒரு கிரீன்லாந்துக்காரர் இருந்தார். பெயர் எனோக். நாற்பது வயது இருக்கும். பத்துச் சொல் கேட்டால் ஒரு சொல் பதில் தருவார். நான் வந்த முதல் மாதம், வெட்டிய மீனின் தலைகளைக் குப்பைத் தொட்டிக்குத் தள்ளும்போது முழித்து முழித்துப் பார்த்ததை அவர் கண்டிருக்கிறார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை வந்தால் நாலு நல்ல தலைகளைக் கழுவி, ஒரு வாளியில் போட்டு, என் சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார். நான் போய்ப் புளி விட்டு ஆணம் காய்ச்சுவேன். ஒரு நாளும் அவருக்குக் கொடுத்ததில்லை. நினைவுக்கு வரவே இல்லை. அவரிடம் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: “ஏன் போறீங்க?” அவர் தோளைக் குலுக்கிவிட்டு மீனைப் புரட்டுவார்.

அந்தக் குளிர்காலத்தில்தான் ராத்தாவின் கடிதம் வந்தது. ராத்தா எனக்கு நேரே மூத்த அக்கா. வாப்பா மௌத்தான பிறகு எங்கள் குடும்பத்தில் பிறந்த ஆம்பிளை நான் ஒருவன்தான். எங்கள் பக்கத்து வழக்கம் வெளியூர் ஆட்களுக்குத் தெரியாது, சொல்லிவிடுகிறேன். கல்முனைக்குடியில் பெண்ணுக்குத்தான் வீடு. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை தன் பெட்டியோடு பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். உறுதிப் பத்திரம் அவள் பெயரில், வீடு நிற்கும் வளவு அவள் பெயரில். கோபித்துக்கொண்டு போவதென்றால் அவன்தான் போக வேண்டும். வேலி வாசலுக்குக் கடப்பு என்று பெயர், குடும்ப வழக்கைப் பேசித் தீர்க்கும் பள்ளிவாசல் பெரியவர்களுக்கு மரைக்காயர்மார் என்று பெயர். ராத்தா எழுதியிருந்தாள்:

“தம்பி, மச்சான் திரும்பவும் கை நீட்டிட்டார். பெட்டியத் தூக்கிக் கடப்படியில வெச்சிட்டன். மரைக்காயர்மார் ரெண்டு தரம் வந்திட்டாங்க. போன முறை மனிசன் தானாக் கோவிச்சுப் போய்த் தானா வந்தவர்தானே, இதுவும் அப்பிடித்தான், கடப்பத் திற புள்ள எண்டு சொல்றாங்க. போன முறை நடந்தது உனக்கும் எனக்கும்தான் தெரியும். நீ உள்ளத எழுதினா அவங்க உட்டிருவாங்க. எழுது தம்பி.”

ஐந்து கிழமை அந்தக் கடிதம் என் தலையணைக்குக் கீழே கிடந்தது. மச்சான் எனக்கு வெறும் மச்சான் இல்லை. எனக்கு மோட்டார் சைக்கிள் ஓடப் பழக்கியவர். எங்கள் புட்போல் டீமுக்குக் கெப்டன். உள்ளதை எழுதினால் அவருக்கு மட்டுமா வெட்கம்? அதை அப்புறம் சொல்கிறேன்.

போல் என்பவர் எங்கள் தொழிற்சங்க ஆள். அவருடைய பதவிக்கு இங்கே உள்ள பெயரைத் தமிழில் சொன்னால் நம்பிக்கைக்கு உரிய ஆள் என்று வரும். எங்கள் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் மாதிரியே நரைத்த மீசையும் நிதானமும். பயந்துபோயிருக்கும் தொழிலாளர்களுக்கு ஒரு கூட்டம் வைத்தார், பகல் சாப்பாட்டு நேரத்தில். ஒவ்வொருவராக எழும்பிக் கவலையைச் சொன்னார்கள். ஒரு மனுசி, வீட்டுக்கடன் இருக்கிறது, ஆலை மூடினால் எங்கே போவேன் என்று கண் கலங்கினாள். எனோக் பின்னால் கிடந்த வாங்கில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். போல் என் பக்கம் திரும்பினார்.

“நீ பொருளாதாரம் படிச்ச ஆள்தானே. ரெண்டு வார்த்தை சொல்லு.”

எனக்கு இது போதும். எழும்பி நின்று ஆங்கிலத்தில் எடுத்துவிட்டேன். போல் டேனிஷில் திருப்பிச் சொன்னார். “பயப்படாதீங்க. எங்கட ஊர்ல ஒரு மனிசன் பொஞ்சாதியோட கோவிச்சு, அவட ஊட்ட உட்டுட்டு, பெட்டியச் சைக்கிள்ல கட்டிக்கொண்டு உம்மாட ஊட்டுக்குப் போனான். முதலாம் நாள் வீரம். ரெண்டாம் நாள் உம்மாட சோத்துல உப்பில்ல. மூணாம் நாள் அதே பெட்டி, அதே சைக்கிள், அதே கடப்பு. கிரீன்லாந்தும் அப்பிடித்தான். மூணாம் நாள் கடப்படியில நிக்கும், பாருங்க.”

போல் மொழிபெயர்த்தபோது பொஞ்சாதியின் வீடு என்ற இடம் எங்கோ விழுந்துபோனது. அவன் தன்னுடைய வீட்டை விட்டுப் போனான் என்றுதான் இவர்களுக்கு விளங்கும், வேறு மாதிரி வீடு இவர்களுக்குத் தெரியாது. எனக்குத் திருத்தத் தோன்றவில்லை. சிரிப்பு வந்துகொண்டிருந்தது. மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். கண் கலங்கிய மனுசியும் சிரித்தாள். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக இந்த ஊர் என்னை ஓர் ஆளாகப் பார்த்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் சிலர் பின் வாங்கில் இருந்த எனோக்கைத் திரும்பிப் பார்த்துச் சிரித்ததும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் நானும் சிரித்தேன்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மேசையில் எனோக் என் பக்கத்தில் வந்து நின்றார். இருவருக்கும் டேனிஷ் அரைகுறை. அதனால் மெதுவாகக் கேட்டார்.

“அந்தக் கதையில, ஊடு ஆருட?”

“பொஞ்சாதிட. எங்கட பக்கம் அப்பிடித்தான்.”

“அப்ப பெட்டியோட வந்து இருந்தவன் புருசன்.”

“ஓம்.”

“அப்ப நாங்க புருசன் இல்லியே. நாங்க ஒருத்தர்ட ஊட்டுக்கும் பெட்டியோட போகல்ல. சந்தையில சேரவேணுமா எண்டு கேட்டப்ப, எங்கட ஆக்கள்ல கூடப்பேர் வேணாம் எண்டுதான் சொன்னாங்க. அதக் காதுல போட்டவங்க ஆரு?” கத்தியை மீனின் வயிற்றில் ஓட்டினார். “எனக்கும் பயம்தான். என்ட தங்கச்சி அங்க மீன் ஆலையில நிக்கிறா, அவவுக்கும் பயம். சந்தையில இரிக்க வேணும் எண்டுதான் அவ வாக்குப் போட்டவ. நல்லா வருமா, கெட்டு வருமா, தெரியாது. ஆனா ஊடு எங்கட.”

அவர் இன்னொரு மீனை இழுத்துக்கொண்டு, சும்மா கேட்பது மாதிரிக் கேட்டார்: “பெட்டி தானாப் போனதா? இல்லாட்டி அவ வெளிய வெச்சதா?”

பத்துச் சொல்லுக்கு ஒரு சொல் பேசுகிற மனிதர் இதைப் போய்க் கேட்கிறாரே. எனக்கு மச்சானின் பெட்டிதான் கண்ணில் வந்தது.

கடிதத்தில் ராத்தா சொன்ன அந்தப் போன முறை, ஒரு காலையில், கல்முனைக்குடியில், எங்கள் வேலியின் வாசலில், கடப்படியில், மச்சானின் தகரப் பெட்டியும் தலையணையும் கிடந்தன. வைத்தது ராத்தா. அவளுடைய இடது கன்னம் வீங்கியிருந்தது. நான் கம்பஸ் விடுமுறையில் வந்திருந்தேன். ஊர் விழிக்க முந்திப் பெட்டியைச் சைக்கிளில் கட்டி, மச்சானின் உம்மா வீட்டுக்கு நானே உருட்டிக்கொண்டு போனேன். தேத்தண்ணிக் கடைக் காசிம் காக்கா கண்டுவிட்டார்.

“என்ன மனே, மச்சான்ட பெட்டிக்குக் கால் முளைச்சிட்டா?”

“மச்சான் கோவிச்சிட்டாரு காக்கா. ஊட்ட உட்டுப் போறாராம்.”

“எத்தின நாளைக்கி?”

“உம்மாட சோறு சலிக்கிற மட்டும்.”

கடை முழுக்கச் சிரித்தது. டென்மார்க்கில் நான் விற்ற பகிடி அங்கே செய்தது. பெண் ஆம்பிளையின் பெட்டியை வெளியே வைத்தாள் என்றால் ஊர் நாறும். ஆம்பிளை கோபித்துப் போனான் என்றால் ஊர் சிரிக்கும். சிரிப்பு பரவாயில்லை என்று முடிவெடுத்தது நான். மூன்றாம் நாள் மச்சான் தானாக வரவில்லை. நான்தான் கூட்டிவந்தேன், நான்தான் கடப்பைத் திறந்தேன். முற்றத்தில் மா அரித்துக்கொண்டிருந்த ராத்தா நிமிர்ந்து பார்த்தாள்.

“ஆரக் கேட்டுத் திறந்த?”

“ஊரு சிரிக்கிது ராத்தா.”

“சிரிக்க வெச்சவன் நீதானே.”

மறுபடி மாவை அரிக்கத் தொடங்கினாள். அந்த மூன்று நாள் பொய்யைத்தான் மரைக்காயர்மார் இப்போது அவளுடைய முற்றத்தில் நின்று சட்டம் மாதிரிச் சொல்கிறார்கள்.

எனோக்குக்கு நான் சொன்னது ஒரே வரி: “அவதான் வெச்சா. திரும்பக் கொண்டுவந்தது அவட தம்பி.” அந்தத் தம்பி யார் என்று அவர் கேட்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. வந்த வெள்ளிக்கிழமை வாளியில் நாலு தலை, கழுவி, சப்பாத்துக்குப் பக்கத்தில். வைக்காமல் விட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அன்று பின்னேரமே மரைக்காயர்மாருக்கு எழுதினேன். நாலு தாளைக் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் எங்கோ ஒரு பகிடி வந்து உட்கார்ந்துகொண்டது. ஐந்தாவதில் வெறுமையாக எழுதினேன். மச்சான் கோவித்துப் போகவில்லை. அடித்தார். ராத்தா பெட்டியை வெளியே வைத்தா. ஊருக்குப் பொய் சொன்னது நான், அவவைக் கேட்காமல் கடப்பைத் திறந்தது நான். வீடு அவவுடையது. இந்த முறை ஒருவரும் திறக்க வேண்டாம்.

மச்சானிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அதை இங்கே எழுத முடியாது. கூட்டாளிமாரிடமிருந்து கடிதம் வருவது நின்றுபோனது. ராத்தாவின் கடிதம் கடைசியாக வந்தது, சின்னத் துண்டு: “உன்ட கடிதத்த மூத்த மரைக்காயர் சத்தமா வாசிச்சார். பிறகு ஒருத்தரும் வரல்ல. கடப்பு பூட்டித்தான் இரிக்கி. நீ வந்தாலும் வெளிய நிண்டு கூப்பிட்டுப்போட்டுத்தான் உள்ளுக்கு வரவேணும். சொல்லிப்போட்டன்.”

அவள் சொன்னது சரி. எங்கள் பக்கத்தில் ஆம்பிளை பிறப்பது உம்மாவின் வீட்டில், வாழ்வது பொஞ்சாதியின் வீட்டில். உம்மாவின் வீடு ராத்தாவின் வீடாகிப் பல வருடம். நான் மட்டும் அந்தக் கடப்பு என்னுடையது என்று நினைத்துத் திறந்திருக்கிறேன்.

கிரீன்லாந்து வெளியே போன நாள் ஆலையில் ஒன்றுமே நடக்கவில்லை. ரேடியோ சொன்னது, கத்திகள் நின்றன, பிறகு ஓடின. மீன் வந்தது. மூன்றாம் நாள் ஒருவன் என்னைப் பார்த்து, “பெட்டி வந்திட்டா?” என்று கண்ணடித்தான். நான் சிரிக்கவில்லை. எனோக்கின் கோப்பையும் என் கோப்பையும் பக்கத்துப் பக்கத்து ஆணியில் இருந்தன.

அந்த வெள்ளிக்கிழமை நாலு தலையையும் புளியும் தேங்காய்த் தூளும் போட்டுக் காய்ச்சி, சட்டியைத் துவாயில் சுற்றிக்கொண்டு எனோக்கின் வீட்டுக்குப் போனேன். வேலி இல்லை, கடப்பு இல்லை. படியெல்லாம் பனி. கதவுக்குப் பக்கத்தில், கைக்கு எட்டுகிற இடத்தில், மணி அடிக்கும் பொத்தான் இருந்தது. அமத்தவில்லை. பனியில் தள்ளி நின்று, கல்முனையில் ஒருவரின் வளவுக்கு வெளியே நின்று கூப்பிடுகிற அதே குரலில், “ஊட்டுல ஆரு?” என்று கூப்பிட்டேன். சட்டி கையைச் சுட்டது. உள்ளே யாரோ நடக்கும் சத்தம் கேட்டது. இன்னொரு தரம் கூப்பிட்டுவிட்டு நின்றேன்.