இரண்டு லொறிக்கு ஒரு ஸ்பெயர் சில்லு

எங்கள் வீட்டில் லொறி ஓட்டுவது நான். என் கணவருக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை. சிறுவயதில் ஷெல் துண்டு பட்டது. வெங்காயம் நடுவது, இறைப்பது, பிடுங்குவது எல்லாம் அவருடைய பொறுப்பு. பிடுங்கியதைச் சின்ன லொறியில் ஏற்றிப் புத்தூரிலிருந்து சுன்னாகம் சந்தைக்குக் கொண்டுபோவது என்னுடையது. தொடக்கத்தில் சந்தையில் நின்றவர்கள் வெங்காயத்தை விட்டுவிட்டு என்னைத்தான் பார்த்தார்கள். சில மாதங்களில் அது பழகிப் போய், வெங்காயத்தில் குறை சொல்லத் தொடங்கினார்கள்.

பக்கத்துத் தோட்டம் கணவரின் பெரியப்பா மகனுடையது. அவரை நான் அத்தான் என்றும், அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். கதைத்துக்கொண்டிருந்த காலத்தில் அப்படி. எங்களுக்கு ஒரு பங்குக் கிணறு. காலை இறைப்பு யாருக்கு, பின்னேர இறைப்பு யாருக்கு என்று ஒரு கோடையில் தொடங்கிய வாக்குவாதம், இரண்டு பக்கமும் சொல்லக்கூடாததைச் சொன்னதோடு நின்றது. பேச்சும் நின்றது. செத்தவீடுகளில்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சண்டைக்கு முன்னர் ஒன்றாகப் போய் ஒரே வகை லொறியாகப் பார்த்து வாங்கியிருந்தோம். வேலிக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று.

நாட்டில் ரயர் இறக்குமதியை நிறுத்திய காலம் வந்தது. கடைகளில் ரயர் தொங்கிய கொளுக்கிகள் வெறுமையாக இருந்தன. தகரக் கூரை காற்றில் பறக்காமல் இருக்க மேலே தூக்கிப் போட்டிருந்த ரயர்களைச் சனம் இறக்கத் தொடங்கியது. தேய்ந்த ரயரின் மேல் புதிதாக ரப்பர் ஒட்டித் தருகிற இடங்களில் வரிசை. மொட்டை ரயரோடு ஓடாத வாகனம் எங்கள் வீதியில் குறைவு.

அந்த நாட்களில் ஒரு பின்னேரம் என் மகள் போனைப் பார்த்தபடி சொன்னாள்: "அம்மா, காத்தடிக்கிற ரயரை ஓடவிட்டது ஒரு மிருக வைத்தியராம். அயர்லாந்தில இருந்தவராம்."

"அவருக்கு ஏன் இந்த வேலை?" என்றேன்.

"மகன்ரை மூண்டு சில்லுச் சைக்கிள் கல்லு ரோட்டில தூக்கித் தூக்கிப் போட்டதாம். ரப்பர்க் குழாயைச் சில்லில சுத்தி, காத்தடிச்சுக் குடுத்தாராம்." அவருக்கு முன்னரே வேறொருவர் குதிரை வண்டிக்கு அதைச் செய்து பார்த்தாராம், யாரும் கவனிக்கவில்லையாம். அதற்கும் முன்னர் ரப்பர் வெயிலில் இளகிக் குளிரில் வெடித்து உதவாமல் கிடந்ததாம். கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கப் பழகிய பிறகுதான் அது உருப்பட்டதாம்.

நான் என் அப்பாவின் மாட்டுவண்டிலை நினைத்தேன். மரச் சில்லு, சுற்றி இரும்பு வளையம். தோட்டத்திலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் பற்கள் ஒன்றோடொன்று அடிபடும். ஆனால் அந்த வளையத்தை யாரும் காலையில் எழும்பிப் பார்த்ததில்லை. பிறகு ஒரு பழைய காரின் ரயர்களை அந்த வண்டிலுக்குப் பூட்டினார். மாட்டுக்கும் இலகு, எங்களுக்கும் இலகு. அன்றிலிருந்து அப்பா கிழமைக்கு ஒருமுறை காற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. யுத்தத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் சைக்கிள் ரியூப்பில் ஒட்டுப் போட இடமில்லாமல் போனபோது, ஓட்டை விழுந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு முனைகளையும் முடிச்சுப் போட்டு ஓடியதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. முடிச்சு நிலத்தில் படும்போதெல்லாம் சைக்கிள் ஒரு முறை துள்ளும். வண்டிலில் இருந்த சுகத்துக்காகக் காற்றை அடைத்தோம்; காற்று சொல்லாமல் போகிற சாமான். யாராவது பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

ஒரு சந்தை நாள். விடிந்து கொஞ்ச நேரம். லொறி நிறைய வெங்காயம், பக்கத்தில் கணவர். சுன்னாகம் வீதியில் ஒரு வளைவு தாண்டியதும் அத்தானின் லொறி வீதியை விட்டிறங்கி, ஒரு புகையிலைத் தோட்டத்து வரம்பில் சரிந்து நின்றது. மூட்டைகள் வெடித்து வெங்காயம் செம்மண்ணில் உருண்டு கிடந்தது. அத்தான் வரம்பில் குந்தியிருந்தார். அக்கா வலது கையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி நின்றார்.

நான் பிரேக்கில் காலை வைத்தேன்.

இறங்கிப் போய், "அக்கா, கையில என்ன?" என்றேன்.

"முன் பலகையில அடிபட்டது. முறியேல்லை எண்டு நினைக்கிறன்." "பின் சில்லு வெடி மாதிரிக் கேட்டுது. அதுக்குப் பிறகு லொறி இவரின்ரை சொல்லுக் கேக்கேல்லை."

"ஸ்பெயர் இருக்கோ அத்தான்?"

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அதைத்தான் பூட்டியிருந்தன். அதுதான் வெடிச்சது."

"எங்கடை இருக்கு. ஒரே சைஸ்தானே."

"வேண்டாம் பிள்ளை. நீங்கள் போங்கோ. சந்தை முடிஞ்சிடும்."

அதற்குள் கணவர் எங்கள் ஸ்பெயர் சில்லை இறக்கி உருட்டிக்கொண்டு வந்துவிட்டார். லொறியைத் தூக்கும் ஜக்கையும் அவரே வைத்தார். அத்தான் எழுந்து நட்டுகளைக் கழற்றினார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. நானும் அக்காவும் உருண்ட வெங்காயத்தைப் பொறுக்கினோம். அக்கா இடது கையால்.

கழற்றிய ரயரைப் பார்த்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. தரையில் படுகிற பக்கம் புதிது போல ஆழமான கோடுகளோடு இருந்தது. அதை நம்பித்தான் அத்தான் பூட்டியிருக்கிறார். கணவர் அதன் பக்கச் சுவரில் விரல்களை ஓடவிட்டார். கண்ணால் பார்ப்பதைவிடக் கையால் பார்ப்பது அவருக்குப் பழக்கம். "இஞ்சை தொட்டுப் பார்," என்று என் கையைப் பிடித்து வைத்தார். தலைமயிர் போன்ற மெல்லிய வெடிப்புகள், சுற்றிவர. யாரோ ஒருவரின் கூரையில் எத்தனையோ வருட வெயிலைக் குடித்த ரயர் அது. ஓடித் தேயவில்லை, ஓடாமலே கிழடாகிப் போயிருந்தது. காற்றும் குறைவாக இருந்திருக்கவேண்டும், சுமையோ கூட. சூடேறி வெடித்துவிட்டது.

அத்தான் முதல் தடவையாகக் கணவரைப் பார்த்து, "நான் கோடுகளைத்தான் பாத்தன், பக்கத்தைப் பாக்கேல்லை," என்றார்.

"ஆர்தான் பாக்கினம்," என்றார் கணவர்.

அடுத்த கிழமை அத்தான் ரப்பர் ஒட்டிய ரயர் ஒன்றைத் தேடிப் பிடித்துப் பூட்டிவிட்டு, எங்கள் சில்லைக் கழுவித் துடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். வாசல் படலைக்கு வெளியே வைத்துவிட்டுப் போகப் பார்த்தார். நான் மறித்தேன். "இப்ப உங்களுக்கு ஸ்பெயர் இல்லை. எங்களுக்கு ஒண்டுதான். ரெண்டு லொறியும் சேர்ந்து போனால் என்ன?"

"எங்களிட்டைக் காத்து மீற்றரும் பம்பும் கிடக்கு," என்றார் அத்தான். சம்மதம் என்பதை அவர் அப்படித்தான் சொன்னார்.

அதன் பிறகு சந்தை நாட்களில் அத்தான் மீற்றரோடு எங்கள் வளவுக்குள் வருவார். லொறியைச் சுற்றிக் குனிந்து குனிந்து பார்ப்பார். "பின் இடது குறைவு." அவ்வளவுதான் காலைப் பேச்சு. கணவர் அவருடைய லொறிக்குப் போய் விரலால் பக்கச் சுவர்களைத் தடவிவிட்டு வருவார். மூட்டைகளைக் குறைத்து ஏற்றத் தொடங்கினோம். நான் முன்னால், அத்தான் பின்னால். அவருடைய லொறி கண்ணாடியில் தெரியாவிட்டால் வேகத்தைக் குறைப்பேன்.

இதில் ஒரு சிக்கல் வந்தது. சந்தை நாளில் இரண்டு வீட்டு ஆம்பிளைகளும் காலையில் ஊரில் இல்லை. காலை இறைப்புக்காகச் சண்டை போட்டவர்கள் நாங்கள். இப்போது காலையில் கிணறு சும்மா கிடந்தது. ஒருநாள் சுன்னாகத்தில் மூட்டை இறக்கும்வரை காத்திருந்தபோது அக்கா தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "சந்தைக்கு முதல் நாள் பின்னேரம் நீங்கள் இறையுங்கோ. வந்த அண்டு பின்னேரம் நாங்கள் இறைக்கிறம். மற்ற நாளையில காலமை மாறி மாறி."

"அத்தான் ஓமெண்டுவாரோ?"

"அவர் போன மாதமே ஓமெண்டிட்டார். கேக்கத்தான் ஆளில்லை."

பழைய சொற்களுக்கு யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவை இன்னும் என் மனதில் ஒரு மூலையில் கிடக்கின்றன. அவர்கள் மனதிலும் கிடக்கும். ஆனால் தண்ணீர் சண்டையில்லாமல் வாய்க்காலில் ஓடியது.

ரயர் மறுபடி கடைகளுக்கு வந்தபோது யாழ்ப்பாணம் போய் இரண்டு லொறிக்கும் வாங்கினோம். கடைக்காரர் எடுத்துத் தந்தவற்றை அத்தான் உடனே வாங்கவில்லை. பக்கச் சுவரில் அழுத்தியிருக்கும் நான்கு இலக்கங்களைத் தேடி அக்காவை வாசிக்கச் சொன்னார். முதல் இரண்டும் எத்தனையாவது கிழமையில் செய்தது, கடைசி இரண்டும் எந்த வருடம். பழையது ஒன்று அகப்பட்டது. கடைக்காரர் முகம் சுளிக்காமல் மாற்றித் தந்தார்.

இனித் தனித்தனியாகப் போகலாம் என்று நினைத்தேன். அடுத்த சந்தை நாளுக்கு முதல் நாள் அக்கா மட்டும் வந்தார்.

"எனக்கும் ஓட்டப் பழக்கி விடு. அண்டைக்கு இவர் ஸ்ரேறிங்கைப் பிடிச்சுக்கொண்டு திணறினதை என்னால பாத்துக்கொண்டு மட்டுந்தான் இருக்க ஏலுமாயிருந்தது. அந்தப் பயம் போகேல்லை."

தோட்டத்து ஒழுங்கைப் பாதையில் தொடங்கினோம். ஏறி உட்காரப் போனவரை நிறுத்தி, முதலில் லொறியைச் சுற்றி ஒரு தரம் நடக்கச் சொன்னேன். கையை வைத்து, குனிந்து, நான்கு சில்லையும் பார்த்துவிட்டு வந்தார். சேலையில் செம்மண் ஒட்டியிருந்தது. தட்டிவிட்டு ஏறி, திறப்பைத் திருப்பினார். லொறி ஒருமுறை துள்ளி நின்றது. இருவரும் சிரித்தோம். மறுபடி திருப்பினார்.